மாமா அளந்த மைதானம்

எனக்கு அறுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது மூன்று, வளர்த்தது ஆறு. நாத்தனார் பிள்ளைகள் மூன்று பேரும் என் கையால் சோறு தின்றுதான் ஆளானார்கள். ஆறு பேரில் ஒருத்தரும் வீணாய்ப் போகவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் ஆகும். ஆனாலும் என் மாமாவைப் பற்றி எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். அவர் மைதானம் அளந்த அன்றைக்குக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சேத்தியாத்தோப்புப் பக்கம் அவர்களுக்கு நெல் வயல். சிதம்பரத்தில் படித்துவிட்டு, விருத்தாசலத்தில் புதிதாக ஆரம்பித்த ஒரு காலேஜுக்கு வேலைக்கு வந்தார். அப்போது அங்கே பி.யூ.சி. என்கிற ஒரு வருஷ வகுப்பு மட்டும்தான். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். தம்பிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, காலேஜு வாத்தியார் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விடுவாள். என்ன பாடம் என்று அடுத்த கேள்வி வருமே! ஊரில் தாத்தாவோ, பந்து தட்டுவதற்குச் சம்பளம் கொடுக்கிறவன் நாளைக்குக் கோலி ஆடவும் கொடுப்பான் என்று வயலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு வெட்கமெல்லாம் இல்லை, ஆச்சரியம்தான். மீசை வைத்த ஒரு ஆள் அரை டிராயர் போட்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். பூசணிக்காய் பெருசுக்கு ஒரு பந்து. அவர் தட்டினால் நாய்க்குட்டி மாதிரி அவர் கைக்கே திரும்பி வருகிறது. நான் தட்டினால் சாக்கடைக்குப் போகிறது. கூடைப்பந்து என்கிறாரே, கூடை எங்கே என்று ஒருநாள் கேட்டேன். கம்பத்து உச்சியில் இருக்கும், அடியில் ஓட்டையாக இருக்கும் என்றார்.

“ஓட்டைக் கூடையை வெச்சிக்கிட்டு என்னா மாமா பண்றது?”

“அதைத்தான் உங்க தாத்தாவும் கேக்குறாரு.”

அவர் சிரித்தாலும் உள்ளே கவலை இருந்தது. வேலை நிரந்தரமில்லை. ஒரு வருஷத்துக்குள் மைதானம் போட்டு, பையன்களைப் பழக்கி, வெளியூர் காலேஜை வரவழைத்து ஒழுங்காக ஒரு மேட்சு நடத்திக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலையையே எடுத்துவிடுவோம் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டால் திரும்பிப் போய்த் தாத்தா வாயில்தான் விழ வேண்டும்.

மைதானத்துக்கு அப்பா வேலை பார்த்த பீங்கான் கம்பெனி உதவி செய்தது. சூளையில் உடைந்து போன கோப்பை, குப்பி, ஜாடி எல்லாவற்றையும் வண்டி வண்டியாகக் கொட்டி, உருளை ஓட்டி, மேலே செம்மண் போட்டார்கள். ஒரு மழை பெய்தால் போதும், அங்கங்கே கோப்பைக் காது தலையை நீட்டும். அதைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே நான் மாமாவோடு போவேன்.

அப்பாவுக்குக் கம்பெனியில் அச்சு செய்கிற பிரிவு. அந்த வேலைக்கு அவரிடம் ரெண்டடி நீளத்தில் ஒரு தேக்குக் கோல் இருந்தது, அங்குலக் கோடு போட்டது. கம்பெனிச் சாமான். கேட்டைத் தாண்டி அது வெளியே வந்தது தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. ஆனால் நவராத்திரிக்கு முன்னால் அப்பா வீட்டிலும் கொலு பொம்மைக்கு அச்சு செய்து கொடுப்பார். அதற்காகக் கோலைக் குடைக்குள் வைத்து எடுத்து வந்து வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகியிருந்தார். இதைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, கூடாதுன்னா கூடாது என்றாள்.

காலேஜில் அளக்கிற டேப்பு வாங்கக் காகிதம் ஆபீசுக்கு ஆபீஸ் சுற்றிக்கொண்டிருந்தது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் எரவாணத்திலிருந்து அந்தக் கோலை உருவினார். அதை வைத்துக் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஒரு முனையை என்னிடம் கொடுத்து மைதானத்தை அளந்தார். வளையத்துக்குப் பத்தடி உயரம் என்று கம்பத்தில் குறி போட்டதும் அந்தக் கயிற்றால்தான். வளையத்துக்குக் கொல்லரிடம் கொடுத்த அளவும் அதே கோல் அளவுதான். வேலை முடிந்ததும் கோலைத் துடைத்து, இருந்த இடத்திலேயே செருகிவிட்டார். அப்பாவிடம் அவர் சொல்லவும் இல்லை, அப்பா கேட்கவும் இல்லை.

பையன்கள் பழக வந்தார்கள். முக்கால்வாசி வயல் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள், வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவனும் உண்டு. யார் எறிந்தாலும் பந்து வளையத்துக்குக் கீழேயே விழுந்தது. சோறு தின்றுவிட்டு வந்தீர்களா இல்லையா என்று மாமா திட்டுவார். அப்புறம் இப்படிப் போட வேண்டும் என்று அவரே எறிவார். அதுவும் விழாது. சிதம்பரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டவராம் அவர். பையன்கள் போன பிறகு தனியாக நின்று எறிந்து எறிந்து பார்ப்பார். ஒருநாள் தன் வலது கையை உற்றுப் பார்த்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தார். அம்மா என்னவென்று கேட்டாள். “கை போயிடுச்சிக்கா” என்றார். எனக்குக் குழப்பம். கை அங்கேயேதான் இருந்தது.

ஆனால் விடவில்லை. கோடை போய் மழை வருவதற்குள் பையன்கள் தோள் இறுகிவிட்டது. பந்து ஒன்றொன்றாக உள்ளே போக ஆரம்பித்தது. மாமா கடலூர்க் காலேஜுக்கு ஆள் அனுப்பினார்.

மேட்சு அன்று கம்பெனி ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான். முன்னால் நாற்காலி போட்டு பிரின்சிபாலும், பக்கத்தில் கம்பெனி சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள், உடைசல் கொடுத்தவர்கள் என்கிற மரியாதைக்கு. அப்பா அந்தப் பக்கம் கூட்டத்தில் நின்றார். அம்மாவும் நானும் இந்தப் பக்கம் வேலியோரம்.

கடலூர்ப் பையன்கள் வெள்ளை பூட்ஸ் போட்டு, ஒரே மாதிரி பனியனில் ஜோராக இறங்கினார்கள். ஆனால் அவர்கள் எறிந்தது எல்லாம் பாதியிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டது. ஓடி ஓடிச் சீக்கிரமே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நம்ம ஆட்கள் வெறுங்காலோடு போட்டுக்கொண்டே இருந்தார்கள். பூட்ஸுக்குள்ள கல்லா தம்பி என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

இடைவேளையில் கடலூர் மாஸ்டர், பருமனான ஆள், கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். தோற்கப் போகிறவன் டேப்பை எடுத்துவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பத்தை அளந்தார், அப்புறம் மைதானத்தையும் அளந்தார். நேராகப் பிரின்சிபாலிடம் வந்தார்.

“பத்தடி இருக்கணும் சார். இது பதினோரடிக்குக் கொஞ்சம்தான் கம்மி. கிரவுண்டும் அளவுக்கு மேல பெரிசு. தன் பசங்களுக்குப் பழக்கி வெச்சிக்கிட்டு வெளியூர்க்காரனைக் கூப்பிட்டு ஏமாத்துற வேலை.”

மாமா முன்னால் வந்தார். தானே அளந்ததாகவும், தப்பு வர வழியே இல்லை என்றும் திக்கித் திக்கிச் சொன்னார். எதை வைத்து அளந்தீர்கள் என்று பிரின்சிபால் கேட்டார்.

மாமா வாயைத் திறந்தார். கூட்டத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் இருந்த சூப்பர்வைசரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“கையாலதான் சார். தப்பு என்னுதுதான்.”

கையாலா? நான் அல்லவா கயிறு பிடித்தேன்! மாமாவுக்கு மறந்துவிட்டதோ என்று எடுத்துச் சொல்லப் போனேன். அம்மாவின் விரல்கள் என் தோளைக் கவ்வின. நாளைக்கு ஆபீசுக்கு வாருங்கள், உங்கள் விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பிரின்சிபால் எழுந்தார்.

அப்போது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“கையால இல்லைங்க. எங்க வூட்டு எரவாணத்துல ஒரு கோலு இருக்குது, அதால அளந்திருக்காரு. அது பச்சைக்கோலு.”

பிரின்சிபாலுக்குப் புரியவில்லை. பச்சை மண்ணில் செய்த சாமான் சூளையில் வெந்தால் சுருங்கிப்போகும். அதனால் அச்சு செய்கிறவன் முதலிலேயே பெரிசாகச் செய்ய வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு அங்குலத்தையும் கொஞ்சம் தூக்கலாகக் கோடு போட்ட கோல் அது, கடைக் கோல் மாதிரி இல்லை என்று அப்பா விளக்கினார். “இவரு ஊருக்குப் புதுசு. இவருக்கு அது தெரியாதுங்க.”

“அப்ப கிரவுண்டையும் சூளையில வெச்சி எடுத்துட்டா சரியாப் போயிடும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடலூர் மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிரின்சிபால்கூடச் சிரித்தபடி திரும்ப உட்கார்ந்தார். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை.

“பச்சைக்கோலு உன் வூட்டுக்கு எப்படிய்யா வந்துது?”

“நாந்தாங்க எடுத்தாந்தேன்” என்றார் அப்பா.

அம்மாவின் கை என் தோளில் இன்னும் அழுந்தியது. நோவுது என்று சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை.

பாதி மேட்சு நின்றது நின்றதுதான். சரியான மைதானத்தில் ஆடுவோம், நீங்கள் கடலூருக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் மாஸ்டர். மறுநாள் வளையத்தைக் கழற்றி, பத்தடிக்கு இறக்கிப் புது வளையம் மாட்டினார்கள். மாமா கோட்டில் நின்று முதல் பந்தை எறிந்தார். பலகைக்கு மேலே பறந்து வெளியே விழுந்தது. ரெண்டாவதை மெல்ல எறிந்தார். விளிம்பில்கூடப் படாமல் உள்ளே இறங்கியது. மூன்றாவதும் அப்படியே. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கையைத் தடவிப் பார்த்தார்.

கடலூரில் நம்ம பையன்களுக்கும் பந்து முதலில் பலகைக்கு மேலேதான் போனது. தோற்றார்கள், ஆனால் கொஞ்ச வித்தியாசம்தான். ஒருத்தனுக்கும் மூச்சு வாங்கவில்லையாம். வேலை இருக்கட்டும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். மாமா சில வருஷத்தில் அந்தக் காலேஜுக்கே பிசிக்கல் டைரக்டர் ஆனார். எல்லா விளையாட்டுக்கும் அவர்தான் தலை. அவரிடம் பழகினவர்கள் போலீஸிலும் ரயில்வேயிலும் போய்ச் சேர்ந்தார்கள். தாத்தாவே அப்புறம் பஸ் ஏறி வந்து மேட்சு பார்த்தார்.

அப்பாவை அச்சுப் பிரிவிலிருந்து எடுத்து மண் மிதிக்கிற இடத்தில் போட்டார்கள். வேலை போகாமல் தப்பித்ததே பெரிது. பல வருஷம் அங்கேதான் இருந்தார். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. சாயங்காலம் முழங்கால் வரைக்கும் வெள்ளை மண் காய்ந்து, சிலை மாதிரி வருவார். எனக்கு ஒரே கொண்டாட்டம். அவர் உட்கார்ந்ததும் அந்தக் காலில் விரலால் என் பேரை எழுதி விளையாடுவேன். அழிக்காமல் காட்டிக்கொண்டு இருப்பார். மாமா அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார், ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவார். மாமாவும் அந்தக் காலில் பேர் எழுதி விளையாடலாமே, ஏன் ஓடுகிறார் என்று நினைப்பேன்.

அப்புறம் காலேஜுக்கு நல்ல இரும்பு டேப்பு வந்தது. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் மாமா கம்பெனி வாசலுக்குப் போய் நிற்பார். “மச்சான், ஒரு முனை புடிக்க வாங்க” என்பார். காலேஜில் அத்தனை பையன்கள் இருக்கும்போது அப்பாவைத்தான் கூப்பிடுவார். மண் காலோடு அப்பா போய்ப் பிடிப்பார். பிரின்சிபால், வெளியூர் மாஸ்டர் எல்லாரும் பார்க்க, அப்பா சரி என்று தலையாட்டிய பிறகுதான் மாமா விசில் ஊதுவார். அப்பா அளவில் கெட்டிக்காரர், அதனால் கூப்பிடுகிறார் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். டேப்பு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு என்ன கெட்டிக்காரத்தனம் வேண்டியிருக்கிறது?

பாப்பா, பாட்டிகிட்ட வா. என் எழுத்து உனக்குப் புரியும். இதை ஒருதரம் சத்தமாகப் படித்துக் காட்டு. அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வருகிற இடத்தில் மட்டும் அவசரப்படாமல் படி.