லோரித் திரையில் சிக்கிய அட்சதை

சிரம்பானிலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மலாயா சுதந்திரம் அடையும் மெர்டேக்கா நாளுக்கு இன்னும் மூன்று வாரம். மலாக்காவுக்கு ஐம்பது மைல் சொச்சம். அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் ஜோகூர் எல்லையைத் தாண்டி சிகாமட் போய்ச் சேரவேண்டும். அது இன்னொரு ஐம்பத்தைந்து மைல். என் நாத்தனார் சரசுவை அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடத்தான் இந்தப் பயணம். கல்யாணம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். லீவு முடிந்ததென்று முன்னாலேயே ஓடிவிட்டார்.

நாங்கள் போன வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணவர் பஸ் மெக்கானிக். ஏலத்தில் எடுத்த பழைய லோரியின் முதுகில் பலகை அடித்து, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து அதை வீடாக்கிவிட்டார். "ரோட்டோரத்துல படுத்தா போறவன் வர்றவனெல்லாம் எட்டிப் பாப்பான், நான் வரமாட்டேன்" என்று நான் சொன்னேன். அதற்காகச் சுற்றிலும் நீலநிறத்தில் தடித்த திரை வந்தது. கையால் இழுத்து மூடினால் இவருக்கு என்ன பெருமை? கழித்துப்போட்ட பஸ் ஒன்றின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி, கயிறும் கப்பியும் கோத்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்சும் வைத்தார். தட்டினால் மூடும், தட்டினால் திறக்கும். ஓட்டத்தில் துணி படபடக்காமலிருக்க அடியிலும் ஒரு தகரத் தடம். என்னைவிட அந்த மோட்டாரைத்தான் மனுஷன் அதிகம் கொஞ்சுவார்.

அலோர் காஜாவில் பிடித்த மழை மலாக்கா வரை விடவில்லை. சன்னல் பலகை இடுக்கு வழியே சாரல் அடித்துத் திரையின் விளிம்பெல்லாம் நனைந்துவிட்டது. மதியம் ஊருக்குள் பண்டார் ஹிலிரில் மெர்டேக்காவுக்காக அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டும்போது, ஆண்கள் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள் என்று சரசு முணுமுணுத்தாள். இவர் சுவிட்சைத் தட்டினார். திரை பாதி வந்தது, கர்ரென்று முனகியது, நின்றுவிட்டது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

இவர் முகம் செத்துப்போனது. எனக்கும் காரணம் தெரியும். மலாக்கா வெள்ளைப் பகுதி, கெடுபிடி கிடையாது. ஆனால் நாளைக்குப் போகிற பாதை கறுப்புப் பகுதி. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்று வண்டிக்கு வண்டி நிறுத்திச் சோதிக்கிறார்கள். திறக்காத திரையோடு துப்பாக்கிக்காரன் முன்னால் போய் நிற்க முடியுமா?

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், இவருக்குத் தெரிந்த ஒருவர் சொல்லியிருந்த வீட்டு வளவில் லோரியை நிறுத்தினோம். வீட்டுக்கார அம்மாள் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் இங்கே குடியேறி மலாய் பேசப் பழகிய தமிழ் இனம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை. பெயர் பார்வதி. தமிழில் பேசினால் சிரிப்பார், பதில் மலாயில்தான் வரும். நான் அக்கா என்ற பொருளில் கக்காக் என்று கூப்பிட்டேன். "மாரி லா, மாசோக்" என்று உள்ளே அழைத்துக் கறுப்புக் காப்பி கொடுத்தார்.

காப்பி ஆறுமுன்னே இவர் வேலையைத் தொடங்கிவிட்டார். கொக்கிகளை அவிழ்த்துத் திரையை இறக்கி என் கையில் போட்டார். "பிழியாதே டீச்சரம்மா, சுருங்கிடும். அலசி நிழல்ல போடு." எண்ணெய் விடலாமே என்றேன். முறைத்தார். "எண்ணெ விட்டா ரோட்டுத் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கும். மண்ணெண்ணெய்ல துடைச்சுட்டு மெழுகுவத்தி தேச்சாப் போதும்." ஐந்து காசு மெழுகுவர்த்தி ஒன்றைக் கடையில் வாங்கி வந்தேன். திரும்பியபோது அவர் அடித்தடத்தின் மேல் குனிந்தபடி அசையாமல் நின்றார். கையில் கோழி இறகு, இறகின் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. ஊறிப் பருத்த அரிசி.

கப்பிக்குள்ளும் அதே. திரையின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஈரத்தில் தையல் விட்டுப்போன இடத்தில் இன்னும் நாலைந்து மணி எட்டிப் பார்த்தது. விளிம்பு நெடுக அரிசி!

"யாரு வச்சது?" இவர் குரலே மாறிவிட்டது. போன வருஷம் இவரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர், சீட்டுக்கு அடியில் கிடந்த ஓர் அரிசிப் பொட்டலத்துக்காகச் சிறைக்குப் போனார். பொட்டலம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

"நான்தான் அண்ணே" என்றாள் சரசு. "என் தலையில விழுந்த அட்சதை. பொறுக்கி வச்சிருந்தேன். புது வீட்டுக்குப் போற வண்டியில இருக்கட்டும்னு தச்சேன்."

"உங்கண்ணன உள்ள தள்ளப் பாத்தியே! கொண்டுபோய்க் கொட்டு."

"எங்க கொட்டுறது? கால் மிதிபடுற எடத்துலயா?"

"ஆத்துல விடு."

"தண்ணியில விடுறது கருமாதிக்கு" என்றாள். சரி, இந்த வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமென்று நான் சொன்னேன். "என் கல்யாணத்த அடுத்தவங்க வீட்டுல வச்சிட்டுப் போவச் சொல்றீங்களா அண்ணி?" என்று கேட்டு அழத் தொடங்கினாள். எனக்குக் கோபம் ஒரு பக்கம், அவள் சொல்வதில் தப்பில்லையே என்ற தவிப்பு ஒரு பக்கம்.

சத்தம் கேட்டுக் கக்காக் வந்தார். அரிசியைப் பார்த்ததும், "பெராஸ் குஞித்!" என்றார். மஞ்சள் அரிசி என்று அர்த்தம். அவர்கள் கல்யாணத்திலும் தூவுவார்களாம், மலாய்க்காரர்களும் தூவுவார்களாம். சங்கதியை நான் மலாயில் விளக்கினேன். அவர் சரசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு, மங்கல நாளில் நாங்கள் மஞ்சள் சோறு ஆக்கித் தின்போம், இதையும் ஆக்கிவிடலாமே, வயிற்றில் இருப்பதை எந்தச் சோதனைக்காரன் பிடிக்கப்போகிறான் என்று கேட்டார்.

"அட்சதையப் பொங்கித் தின்பாங்களா?" என்று இவர் என்னைப் பார்த்தார். நான் சரசுவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியில் திரையை விரித்து, தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் சோறு வெந்தது. இரண்டு கைப்பிடி அட்சதை நாலு பேருக்குக் காணாது என்று கக்காக் தன் வீட்டு அரிசியையும் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினார். முதல் கவளத்தைச் சரசுவே எடுத்தாள். மெல்லும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இலையில் ஒரு பருக்கைகூட விடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அலசிய திரையை மாட்டியிருந்தோம், மெழுகு தேய்த்த தடத்தில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜோகூர் எல்லைக்குள் தங்காக் தாண்டியதும் முள்கம்பி, மணல் மூட்டை, குறுக்கே ஒரு கட்டை. மலாய்க் காவலர் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி வந்தார்.

"புக்கா!" திற என்றார். இவர் சுவிட்சைத் தட்டினார். திரை விலகியது. காவலர் படுக்கையைப் புரட்டினார், தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் குனிந்து திரையின் விளிம்பை விரல்களுக்கிடையில் வைத்து மெதுவாக உருவிக்கொண்டே போனார். தையல் பிரிந்திருந்தது. துணியில் மஞ்சள் கறை. விரலை முகர்ந்து பார்த்தார்.

இது என்ன என்று மலாயில் கேட்டார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பெராஸ் குஞித்" என்றாள் சரசு. தன் கல்யாண அரிசி என்று கடைத்தெரு மலாயில் சொன்னாள்.

"மானா?" எங்கே?

"சூடா மாக்கான்." தின்றுவிட்டேன் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. கப்பியின் மூடியைக் கழற்றச் சொன்னார். இவர் இறங்கி வந்து கழற்றினார். காவலர் இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினார். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரே ஒரு மஞ்சள் அரிசி கிடந்தது. இறகும் மண்ணெண்ணெயும் போட்டு அத்தனை நேரம் துடைத்த மனுஷன் விட்டுவைத்தது. என் புருஷனை எப்படி ஜாமீனில் எடுப்பது என்றே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

காவலர் சரசுவின் பக்கம் நடந்து வந்தார். அவள் கழுத்திலிருந்த புதுத் தாலிக்கயிற்றைப் பார்த்தார், தனக்குப் பின்னால் இருந்த சாவடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த ஒற்றை அரிசியை இரண்டு விரலால் எடுத்து அவள் தலைமேல் போட்டார்.

"செலாமாட் பெங்ஙந்தின் பாரு" என்று புதுமணப் பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

அங்கிருந்து சிகாமட் முப்பது மைல், வழியெல்லாம் குண்டும் குழியும். போய்ச் சேரும்வரை சரசு தலையை அசைக்கவே இல்லை.