ஏசுதாஸின் நல்லடக்கக் காட்சி

டைரக்டர் சோமசேகரன் செத்துப்போன செய்தியை மதலேனம்மாளுக்கு மகள் ஜின்சிதான் சொன்னாள். பாதி ஆயுளுக்கு வில்லனாக நடித்து, வந்த கதாநாயகர்கள் எல்லாரிடமும் அடி வாங்கி, தலை நரைத்த பிறகு தானே படம் எடுக்கத் தொடங்கிய மனிதர். நடித்ததை மறந்தாலும் அவர் எடுத்ததை மறக்க முடியாது என்று டிவியில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதலேனம்மாள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"ஏட்டி, அப்போ அந்தப் படத்தத் திரும்பப் போடுவாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் படம் 'ஏழாம் நம்பர் லயம்'. தேவிகுளத்துக்கு மேலே, அவள் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்து, தேயிலைக் கொழுந்து கிள்ளிய எஸ்டேட்டிலேயே எடுத்தது. அவள் புருஷன் ஏசுதாஸ் அதில் பிணமாக நடித்திருந்தான்.

அந்த வேஷத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்திருந்தார்கள். பனியில் அவருக்குப் பல் கிட்டிப்போயிற்று. நடுங்குகிற பிணத்தை வைத்துக்கொண்டு என்ன படம் எடுப்பது? வேலியோரம் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏசுதாஸைக் கூப்பிட்டு, முகத்தில் பவுடர் அடித்து, ரோஜா மாலை போட்டு, பெட்டியில் படுக்க வைத்துவிட்டார் சோமசேகரன். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டியையும் கூட்டத்தில் நிறுத்தி, குழியில் ஒரு பிடி மண் போடச் சொன்னபோதுதான் வினை வந்தது.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு மண்ணு போடச் சொல்றீகளே, நல்லா இருப்பீகளா?" என்று சோமசேகரனின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு மதலேனம்மாள் லயத்துக்கு நடந்துவிட்டாள். மற்றப் பெண்கள் போட்டார்கள். சாயங்காலம் சிரித்துக்கொண்டு வந்தவனை அவள் வீட்டுக்குள் விடவில்லை. அடக்கத்துக்குப் போய்வந்தவனைப் போல வாசலில் நிறுத்தி, அந்தக் குளிரில் தலையோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினாள்.

"மூச்சப் புடிச்சுப் புடிச்சு நெஞ்செல்லாம் வலிக்கிட்டி," என்று உதறலோடு சொன்னான். "ஒன்ன மாதிரி பொணம் கெடைக்காதுன்னு ஐயாவே சொல்லிட்டாரு."

அதற்கப்புறம் ஏசுதாஸின் பேச்சு அடங்கவில்லை. பாக்டரியில் டீத்தூள் சலிக்கும் நேரத்திலும் சோமசேகரனின் சிறந்த படங்கள் எவை என்று பட்டியல் போடுவான். 'உப்புப் பாத்தி' நன்றாயிருக்கும், ஆனால் பாட்டு அதிகம். 'கங்காணி வீடு' பரவாயில்லை, முடிவு சொதப்பல். முதல் இடம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. தான் செத்துக்கிடக்கும் படத்தை விட்டுக்கொடுக்க அவனுக்கு என்ன பைத்தியமா? ஊரே போய்ப் பார்த்த அந்தப் படத்தை மதலேனம்மாள் மட்டும் பார்க்கவில்லை. தாலி கட்டியவன் பிணமாகக் கிடப்பதைப் பார்க்கிற கல்நெஞ்சு தனக்கில்லை என்றாள். அவன் கெஞ்சினான், கோபித்துக்கொண்டான், ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகு அந்த மழை வந்தது. ஜின்சியின் பேறுகாலத்துக்காக மதலேனம்மாள் போடிமெட்டுக்குப் போயிருந்த வாரத்தில், மலை பெயர்ந்து லயத்தை வாரிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. ஆட்கள் தோண்டினார்கள், நாய்கள் மோப்பம் பிடித்தன, ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஏசுதாஸ் கிடைக்கவில்லை. ஒரு நாள் தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

வருஷங்கள் ஓடின. கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதி ஒரு சிலுவையாவது நட்டு, மந்திரித்து, மண் போட்டு முடித்துவிடலாம் என்று பங்குச்சாமியார் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். மதலேனம்மாள் பிடி கொடுக்கவில்லை. பெட்டியை மூடும் முன் பெண்டாட்டி முகம் பார்த்து, நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மண். அதுதான் முறை.

"கல்யாண போட்டோல அப்பா மொகம் இருக்கேம்மா, அதப் பாத்துக்கோ," என்று ஜின்சி ஒரு முறை சொன்னாள்.

"சிரிக்கிற மொகத்தப் பாத்து மண்ணு போடச் சொல்றியாட்டி? செத்த மொகத்தப் பாக்கணும்."

செத்த முகம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. ஜின்சி செல்போனில் தேடித்தேடிப் பார்த்தாள். அந்தப் படம் அகப்படவில்லை.

சோமசேகரன் செத்ததால் அது வெளியே வந்தது. அவருடைய சிறந்த படங்களைத் தேவிகுளத்து வாயனசாலையில் போடுவதாக, அந்த நூலகத்தை நடத்தும் சிஜு நோட்டீஸ் ஒட்டினான். மதலேனம்மாள் சாமியாரிடம் தானே போனாள். கல்லறைத் திருநாளுக்குச் சிலுவை நட்டுவிடலாம், அதற்குள் முகம் பார்த்துவிடுவேன் என்றாள். மலை சரிந்த இடத்துக்குப் போய் ஒரு பிடி மண்ணும் அள்ளிவந்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

படத்தன்று மழை தகரக் கூரையில் கொட்டியது. "அம்மச்சி, முன்னாடி இரிக்கலாம்," என்று சிஜு முதல் நாற்காலியைக் காட்டினான். சோமசேகரனின் படங்களில் தலைசிறந்தது இதுதான் என்று ஒரு பேராசிரியர் பேசினார். ஏசுதாஸ் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடக்கக் காட்சி வந்தது. திரை முழுக்க ஏசுதாஸின் முகம். இறுக மூடிய கண்கள், பவுடர், கன்னத்து வெட்டுத் தழும்பு. மதலேனம்மாள் ஜெபமாலையை விட்டுவிட்டு முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். போய் வாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

கேமரா மெல்லப் பின்னால் போயிற்று. நெஞ்சின் மேல் கோத்த கைகள் தெரிந்தன. கைகளின் மேல் கிடந்த ரோஜா மாலை லேசாக எழும்பியது. தாழ்ந்தது. மறுபடியும் எழும்பியது.

வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் பெண்கள் குழியில் மண் போட்டார்கள். மதலேனம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்று ஜின்சி கையைப் பிடித்தாள்.

"மூச்சு விடுறாருட்டி ஒங்கப்பா."

"படந்தானம்மா…"

"நா அன்னைக்கே சொன்னேன்ல. உசுரோட இருக்கிற மனுசன்."

கல்லறைத் திருநாளன்று சிலுவையை நட்டார்கள். சாமியார் ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். ஜின்சி மண் போட்டாள், அவள் புருஷன் போட்டான், தப்பிப்பிழைத்த லயத்து ஜனம் எல்லாம் வரிசையாக வந்து போட்டது. கடைசியில் எல்லாரும் மதலேனம்மாளுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

அவள் சிலுவையருகில் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கையில் எடுத்தாள். சாமியார் மெல்ல, "போடுங்கம்மா," என்றார்.

 அவள் மண்ணைத் திரும்பவும் முந்தானையில் கொட்டி, முன்னைவிட இறுக்கி முடிந்துகொண்டு, படம் எடுத்த அன்றைக்குப் போலவே வீட்டுக்கு நடந்தாள். இந்த முறை, தான் தண்ணீர் ஊற்றுவதற்கு வாசலில் யாரும் சிரித்துக்கொண்டு வந்து நிற்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.