ஐம்பத்திரண்டு மடங்கு அவசரம்

உள்ளறையிலிருந்து ‘கீய்ய்ங்’ என்று ஒரு சத்தம் எழுந்தது. மிக்ஸியில் ஆணியைப் போட்டு அரைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

துணி அலசிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினாள். அவளுடைய கம்ப்யூட்டர் அப்படிக் கத்தாது. அவளுடைய சிடி ரைட்டர் நாலு மடங்கு வேகத்தில், தூங்குகிற பூனை மாதிரி மெல்ல முனகும். பத்து நிமிடத்துக்கு முன் வந்த தம்பி, “கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன வேலைக்கா, நீ துணிய அலசு” என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தான். அவனுடைய சின்ன வேலைகளைப் பற்றி அவளுக்கு நாற்பது வருட அனுபவம் உண்டு. ஈரக் கையோடு ஓடினாள்.

கம்ப்யூட்டரின் வயிறு திறந்து கிடந்தது. அவளுடைய பழைய ரைட்டர் வாலும் தலையுமாக நாற்காலியில் கிடக்க, அதன் இடத்தில் பளபளவென்று புதியது ஒன்று உட்கார்ந்திருந்தது. தம்பி கையில் திருப்புளி. காலில் செருப்பு.

“யாரைக் கேட்டுடா கழட்டின?”

“கோவப்படாதக்கா. அம்பத்திரண்டு மடங்கு வேகம்! உன் கட்டை வண்டி பத்து நிமிஷம் ஓடுறத இது ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடுச்சு. தோ பாரு.” சூடு ஆறாத சிடியை நீட்டினான்.

தெருவில் அவளை எல்லோரும் ‘எக்ஸ்சேஞ்ச் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். மறுமுனையில் மூச்சு விடுவதைக் கேட்டே ஆள் யார் என்று சொல்லிவிடுவாள். இயந்திரம் வந்து அவள் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, அந்தக் காதை நம்பித்தான் இந்தத் தொழிலில் இறங்கினாள். பழைய கேசட்டுகளிலுள்ள குரல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, சிடியாக எழுதிக் கொடுப்பாள். அதில் அவளுக்கென்று ஒரு கறாரான வழக்கம் இருந்தது. எழுதிய சிடி மூன்று இடத்தில் பாட வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒரு தடவை, கூடத்து பிளேயரில் ஒரு தடவை, கீழ்வீட்டுத் தையல்காரரின் ஓட்டை பிளேயரில் ஒரு தடவை. மூன்றிலும் பாடாத சிடியை அவள் வாசல் தாண்ட விட்டதே இல்லை.

தம்பி கம்ப்யூட்டர் கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்பவன்.

“எங்க முதலாளி இதுல அறுபது இறக்கலாமான்னு யோசிக்கிறாரு. எக்ஸ்சேஞ்ச் அக்கா சோதிச்சுப் பாத்து நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தா ஊரே வாங்கும்னு சொல்லிட்டேன். நாலு மணிக்குக் கடிதம் அவர் மேசையில இருக்கணும். ரெண்டே வரி, ஒரு கையெழுத்து.”

“நான் சோதிக்கவே இல்லையே.”

“நான் சோதிச்சிட்டேனே! இதே கம்ப்யூட்டர்ல போட்டேன், ஜம்முனு பாடுச்சு.”

“எதை எழுதின இதுல?”

“ஏதோ ஒரு கிழவி கத்துற ஃபைல் இருந்துச்சு. அதை.”

அவள் சட்டென்று திரைப் பக்கம் திரும்பினாள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஓய்வுபெற்ற லாரி டிரைவரின் மனைவி. கணவன் தொலைதூரத்தில் வண்டி ஓட்டிய காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத அவள் கேசட்டில் கடிதம் பேசி அனுப்பியிருந்தாள். நாற்பது நிமிடமும் திட்டு. ‘சட்டைப் பொத்தான் தைக்கக்கூட துப்பில்லாத மனுஷா’ என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க வாங்கத் திட்டி, கடைசியில் தாங்க முடியாமல் கலகலவென்று ஒரு சிரிப்பு. போன வருடம் தொண்டையில் அறுவை. இப்போது அவள் சைகையில்தான் பேசுகிறாள். “ஒரே ஒரு தடவ அவகிட்ட திட்டு வாங்கணும்மா” என்று டிரைவர் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த மறுகணமே நாடா பல இடங்களில் பொடிந்து அறுந்தது. இன்று மாலை ஐந்து மணிக்கு அவர் வருகிறார்.

“ஃபைல் எங்கடா?” திரையில் அது இல்லை.

“ஹார்ட் டிஸ்க்ல இடமே இல்லைக்கா. இந்த ரைட்டரோட புரோகிராமை ஏத்த இடம் வேணும்ல? அதான் சிடியில வந்துடுச்சேன்னு அழிச்சிட்டேன். குப்பைத் தொட்டியையும் சுத்தமா காலி பண்ணிட்டேன்.”

சுத்தமாம்! சிடியைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். பிளேயர் அதைச் சுழற்றியது, முக்கியது, ‘பொத்... பொத்... பொத்...’ என்று திக்கி நின்றுபோனது.

“உன் பிளேயர் குப்பை” என்றான் தம்பி, பின்னாலேயே வந்து.

படியிறங்கித் தையல்காரர் வீட்டுக்குப் போனாள். அவருடைய பிளேயர் வாயையே திறக்கவில்லை. “என்னம்மா, ஊமை சிடியைக் கொண்டு வந்திருக்க?” என்று அவர் விளையாட்டாகக் கேட்டது நெஞ்சில் ஊசியாக இறங்கியது.

மேலே ஏறும்போது பாதிப் படியில் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய சீட்டு மாதிரிதான் இதுவும். கிறுக்கிய கைக்கு மட்டும்தான் அது புரியும். இந்தச் சிடியைப் படிக்க உலகத்தில் ஒரே ஒரு இயந்திரத்தால்தான் முடியும். அது இவனுடைய ரைட்டர்.

உள்ளே வந்தால், அவன் அந்த ரைட்டரின் முதல் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“என்னடா பண்ற?”

“கையெழுத்துப் போட மனசில்லேன்னு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே. எடுத்துட்டுக் கிளம்பறேன். உன் கிழவிய நீயே பாத்துக்க.”

காலில் விழுந்து கெஞ்சினால் ரைட்டரை ஒருவேளை விட்டுவைப்பான். ஆனால் கையெழுத்தை வாங்காமல் விடமாட்டான். பொய்க் கையெழுத்தோடு அறுபது வீட்டுக்கு இந்த ஊமைச் சிடிகள் போகும். கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள்.

“திருகை மாட்டு. எழுதித் தர்றேன். ஆனா நான் எழுதுற வரைக்கும் அது என் கண் முன்னால ஓடணும். ஓடாத சாமானுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவன் முகம் மலர்ந்தது. திருகை மாட்டினான். அவள் வேண்டாத பழைய ஃபைல்கள் இரண்டை அழித்து இடம் பண்ணி, சிடியை உள்ளே தள்ளி, படிக்கும் வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்து, குரலைத் திரும்ப ஹார்ட் டிஸ்க்கில் இறக்கச் சொல்லிவிட்டு, திரைக்கு முதுகு காட்டிக் காகிதத்தோடு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் வேண்டும். பேனா மூடியைக் கழற்றவே ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

“சீக்கிரம் எழுதுக்கா. கல்வெட்டா செதுக்கற?”

நேரத்தை இழுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, அவனோடு சண்டை போடுவது. அதற்குச் சரக்குப் பஞ்சமே இல்லை.

“செருப்போட உள்ள வந்திருக்கியே, இது வீடா சந்தையா?”

“ஆரம்பிச்சிட்டியா!”

“என் கல்யாணக் கேசட்டுல பந்தாட்ட வர்ணனையைப் பதிவு பண்ணவன்தானேடா நீ! அதுல அப்பா குரல் இருந்துச்சு. ‘எம்பொண்ணைக் கண்கலங்காம வச்சுக்கோங்க மாப்ள’ன்னு அவர் சொன்ன அந்த ஒரு வரி. அது மேல எவனோ கோல்... கோல்னு கத்தறான்!”

“பதினாறு வயசுல பண்ணதை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவ?”

“அன்னிக்கி அப்பா. இன்னிக்கி அந்தப் பொம்பள. உனக்கு மத்தவங்க குரல்னா அவ்ளோ எளக்காரமா?”

“எனக்கு நீ எப்பவாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கியா? ஊரெல்லாம் உன் காதைப் புகழுது. அந்தக் காதால தம்பி கஷ்டத்தை ஒருநாள் கேட்டியா? இந்த வியாபாரம் போச்சுன்னா என் வேலையே போயிடும், தெரியுமா?”

அவள் பேனா ஒரு கணம் நின்றது. அவன் கண்ணில் உண்மையாகவே நீர் தளும்பியது. இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை! ஆனால் அதே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ரைட்டர் ‘டக்... டக்’ என்று திணறியது. சிடியின் ஓரம் வந்துவிட்டது; சிரிப்பு இருக்கும் இடம்.

“வேலை போயிடும்னா பொய் சொல்லச் சொல்லுவியா? உனக்காகத் தலையணை நனைய அழுதவடா நான்!” என்று அந்த டக்டக்கை அமுக்குகிற அளவுக்குக் கத்தினாள்.

“கத்தாத! கீழ இருக்கறவன் கேக்கப் போறான்!”

“கேக்கட்டும்!”

டக்டக் அடங்கியது. ரைட்டர் வேலை முடித்துத் தட்டை வெளியே நீட்டியது. அவள் திரும்பி, திரையில் ஃபைலின் கடைசி அரை நிமிடத்தை ஓடவிட்டாள். ‘...வந்து சேரு, உனக்கு இருக்கு’ என்ற திட்டும், அதைத் தொடர்ந்து கலகலவென்ற அந்தச் சிரிப்பும் அறையெங்கும் சிதறின. ஒரு முத்துகூடக் குறையவில்லை.

அப்புறம்தான் கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினாள். அவன் ஆசையாக வாங்கிப் படித்தான்.

‘ஐயா, இந்த ரைட்டர் நாற்பது நிமிடப் பதிவை இரண்டு நிமிடத்தில் எழுதுகிறது. எழுதியதை இது ஒன்றுதான் படிக்கிறது. நான் வேறு இரண்டு பிளேயரில் போட்டுப் பார்த்தேன், பாடவில்லை. வேகத்தைக் குறைத்து எழுதினால் எப்படி என்று பார்க்க எனக்கு நேரம் தரவில்லை. அறுபது வாங்குவதற்கு முன் ஒன்றை வாங்கி நீங்களே மூன்று இடத்தில் போட்டுப் பாருங்கள்.’

அவன் முகம் கறுத்தது. “கழுத்தறுத்துட்டியே! நீயெல்லாம் ஒரு அக்காவா?”

“அக்காங்கறதாலதான் கடிதத்தை உன் கையில குடுக்கறேன். வேற ஆளா இருந்தா நேரா உன் முதலாளிகிட்டயே குடுத்திருப்பேன்.”

காகிதத்தைக் கசக்கி எறிந்தான். திருகுகளைப் பிய்க்காத குறையாகக் கழற்றி, ரைட்டரைப் பையில் திணித்தான். அவள் தடுக்கவில்லை. நாற்காலியில் கிடந்த பழைய ரைட்டரைத் தூக்கி மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள்.

“இனி செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

“மிதிக்கிற அன்னிக்கி செருப்பைக் கழட்டிட்டு வா.”

படிகளில் அவன் இறங்கும் சத்தத்தைக் கடைசிப் படிவரை கேட்டபடி வாசலில் நின்றாள். நடுவில் ஒருமுறை அது நின்றது. திரும்பி வருவான் என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது. இல்லை, மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி இறங்கினான். மணி மூன்றே கால். பழையதை மாட்ட வேண்டும், எழுத வேண்டும், மூன்று இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.