மிளகு ஸ்டோரில் பாஸ்பீன்

ஜெர்மனியில் ஒரு கெட்ட நாற்றத்துக்கும் தீயணைப்பு வண்டி வரும். பிளாட்டினத்தோடு பாஸ்பீன்களை இணைத்துச் சேர்மங்கள் செய்யும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் ட்ரைஎதில்பாஸ்பீன் குப்பியின் மூடி சரியாக இறுகாமல், அழுகிய பூண்டு போன்ற நாற்றம் வெளியே கசிந்துவிட்டது. மாடி முழுவதையும் காலி செய்து எங்களைப் பனியில் நிறுத்தினார்கள். யாரோ எனக்குப் போர்வை போர்த்திவிட்டார்கள். எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது.

பக்கத்தில் நின்ற சக ஆய்வாளர் அன்னிக்காவிடம், "எங்கள் ஊரில் பாஸ்பீன் மிளகு மூட்டைக்கு நடுவில் இருக்கும்," என்றேன்.

"அப்படியா? எனக்குப் பூண்டு வாசம்தான் வருகிறது," என்றாள். அதற்கு மேல் விளக்க மனம் வரவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். பாஸ்பரஸோடு மூன்று ஹைட்ரஜன் சேர்ந்தால் பாஸ்பீன், ஆளைக் கொல்லும் வாயு. ஹைட்ரஜன்களுக்குப் பதில் கார்பன் தொகுதிகள் வந்தால், பிளாட்டினத்தைப் பற்றிக்கொள்ளும் என் ஆய்வகத் திரவங்கள். ஒரே குடும்பம். இலங்கையின் மாத்தளையில் அம்மா வேலை செய்யும் ஸ்டோரில் மிளகு, கராம்பு மூட்டைகளுக்கு நடுவே பூச்சி மாத்திரை வைத்துத் தார்ப்பாயால் மூடுவார்கள். காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் கிளம்பும். பிறகு கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றோட விட வேண்டும். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள் லொறி முன்கூட்டியே வந்துவிட, கதவைத் திறந்த கையோடு பெண்களை உள்ளே அனுப்பினான் சூப்பவைசர். வஹகோட்டையிலிருந்து வந்து அம்மாவோடு மூட்டை தைக்கும் மேரி அக்கா, "தலை சுத்துதுங்க, மூச்சு முட்டுது," என்றிருக்கிறார்.

"பூண்டு வாசத்துக்கு யாராச்சும் சாவாங்களா? வேலையப் பாரு," என்றானாம் சூப்பவைசர்.

மேரி அக்கா மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். வாந்தியெடுத்துப் படுத்த அம்மா பிழைத்தார். பல்கலைக்கழகத்தில் அந்த வாயுவைப் பற்றிப் படித்த அன்றே அம்மாவிடம் சொன்னேன். "இப்பல்லாம் காத்தாட விட்டுட்டுத்தான் அனுப்புறாங்க," என்றார். நம்பினேன்.

பனியில் நின்ற அன்று அம்மாவைப் போனில் அழைத்து மறுபடி கேட்டேன். "நெசமாவே காத்தாட விடுறாங்களாம்மா?"

"லொறி நிக்கிறப்ப விடுறதில்ல. சொன்னா நீ படிப்ப விட்டுட்டு ஓடி வந்துருவ. அதான் சொல்லல."

"அம்மா, மேரி அக்காவக் கொன்னது அதுதான். எல்லார்கிட்டயும் சொல்லுங்க. யாரும் உள்ள போகாதீங்க." போனில் கத்தினேன். ஒரு குப்பிக்கு இங்கே ஒரு மாடியே காலியாகிறது. அங்கே ஒரு உயிர் போயும் லொறிதான் முக்கியம்.

போன வாரம் காலை ட்ராமுக்காக நின்றபோது அம்மா அழைத்தார். அங்கே மதியம்.

"புள்ள, நாங்க உள்ள போகல. எல்லாரும் வெளியதான் நிக்கிறோம்."

பின்னால் சூப்பவைசரின் குரல். "உள்ள போகாதவங்க நாளைக்கு வர வேணாம்!"

"ஸ்பீக்கர்ல போடுங்கம்மா." போட்டார். "முதல்ல காத்தாட விடுங்க! இன்னொரு மேரி அக்கா வேணுமா உங்களுக்கு?"

"வெளிநாட்டுல இருந்துகிட்டு எங்களுக்குச் சட்டம் பேசுறியா?"

அம்மா பதில் சொன்னார், நான் அதுவரை கேட்டிராத குரலில். "அவ அங்க இருந்து பேசட்டும். நான் இங்கதான் நிக்கிறேன். எல்லாக் கதவையும் தொறங்க."

பிறகு இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இழுபடும் சத்தம். ட்ராம் வந்து என் முன்னால் திறந்தது. தமிழில் கத்திக்கொண்டிருந்த என்னை உள்ளிருந்தவர்கள் முறைத்தார்கள். காற்றோடி முடியட்டும் என்று அம்மா இன்னும் வெளியேதான் நின்றார். நானும் ஏறவில்லை.