படிக்கட்டில் வைத்த பொறி

அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் கட்டிடக்கலை படிக்கப்போனபோது எங்கள் வகுப்பில் திண்டுக்கல்காரர்கள் இரண்டே பேர். நான் ஊருக்கு வெளியே மல்லிகை பயிரிட்ட வீட்டுப் பையன். இன்னொருவன் நாகல் நகரில் மரக்கடை வைத்திருந்தவரின் மகன். ஒரே ஊர் என்பதால் விடுதியில் ஒரே அறையைக் கேட்டு வாங்கினோம். ரயிலில் தன் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையில் பாதியை எனக்குத் தருவான். அவனை நம்பினேன்.

இரண்டாம் வருடம் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியை வடிவமைக்கச் சொன்னார்கள். வரைந்து முடித்து மேசையில் விரித்து வைத்துவிட்டுக் காய்ச்சலோடு படுத்திருந்தேன். அவன் அதன்மேல் மெல்லிய தாளைப் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டான். வகுப்புச் சுவரில் படங்களை மாட்டிய அன்று, ஒன்றைப் போலவே இன்னொரு ஆஸ்பத்திரி தொங்கியது.

"யாரைப் பாத்து யார் போட்டது?" என்றார் பேராசிரியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "ஒரே ரூம்ல இருக்கோம் சார். காய்ச்சல்ல கெடந்தான், பாவம், பாத்துப் போட்டுட்டான். மன்னிச்சு விட்டுருங்க சார்."

பேராசிரியர் அவனுடைய ஜெர்மன் கருவிப் பெட்டியைப் பார்த்தார். என் சட்டையின் நைந்த கழுத்தையும் பார்த்தார். எனக்குச் சுழியம் போட்டார்.

அறைக்கு வந்ததும் அவன் என் தோளில் கைபோட்டான். "கோவிச்சுக்காத மாப்ள. ஃபெயிலானா எங்கப்பா தோலை உரிச்சுருவாரு. ஒன்னைய யாரு கேக்கப்போறா?"

"சரி, விடு" என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் விடவில்லை. விடுமுறையில் வேறொரு ஆஸ்பத்திரியை வரைந்து கொடுத்துத்தான் அடுத்த வகுப்புக்குப் போனேன். பூ எடுக்கும் கொட்டகையில், கதவுப் பலகையின்மேல் தாளை ஒட்டி வரையும்போதெல்லாம் அவன் முகம்தான் கண்ணில் நின்றது. "என்னப்பு, லீவுலயும் படமா?" என்று அப்பா கேட்டார். கூடுதல் பாடம் என்று சொல்லி வைத்தேன்.

மூன்றாம் வருடம் பழனியில் யாத்ரீகர்களுக்கு ஒரு மாடி விடுதி. இருவரும் போய் இடத்தை அளந்து வரவேண்டும். அவன் சினிமாவுக்குப் போய்விட்டான். வெயிலில் தனியாக நாடாவைப் பிடித்து அளந்தபோது, இந்தமுறையும் அவன் என் மேசைக்குத்தான் வருவான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. வரட்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டு படங்கள் வரைந்தேன். சரியானதை மெத்தைக்கடியில் வைத்தேன். மேசையில் வைத்ததில் ஒரே ஒரு தவறு செய்தேன். மாடிப்படிக்குக் குறுக்கே ஒரு உத்திரத்தைத் தாழ இறக்கினேன். கோடுகள் அழகாக இருந்தன. கட்டிடத்தைத் தெரிந்தவன் மட்டுமே கண்டுபிடிப்பான். மறுநாள் தாளின் ஓரத்தில் அவன் விரல் மை ஒட்டியிருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

மதிப்பீட்டு நாளில் பேராசிரியர் அவன் படத்தின்முன் நின்று, பென்சில் முனையைக் கீழ்ப்படியில் வைத்து மெதுவாக மேலே நகர்த்தினார்.

"சாமி கும்பிட்டுட்டு ஒருத்தர் மாடி ஏறுறார். இங்க வந்ததும் அவர் தலை என்னாகும்?"

அவன் படத்தைப் பார்த்தான். தன் படத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவனைப் போலப் பார்த்தான்.

"இந்த உத்திரத்தை ஏன் இறக்கின?"

அவன் என் பக்கம் திரும்பினான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழுந்துபோய் என் படத்தை அதன் பக்கத்தில் மாட்டினேன். அதே விடுதி, உத்திரம் மட்டும் உயரத்தில். பேராசிரியர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"போன வருஷமும் இவன்தானா?"

"ஆமா சார். அன்னைக்கு நீங்க என்னைய எதுவும் கேக்கல."

அவர் முகம் கறுத்தது. அதற்காகவும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அவன் அந்த வருடம் தேறவில்லை. திரும்ப எழுதாமல் மரக்கடைக்குப் போய்விட்டான். கோடை விடுமுறையில் அவன் அப்பா எங்கள் தோட்டத்துக்கே வந்தார்.

"ஒரே ஊருக்காரப் புள்ளைக. படம் தப்புன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"என்னைய யாரு கேக்கப்போறான்னு ஒங்க மகன்தான் சொன்னான்."

அவர் போனபின் அப்பா, "போதும்ப்பு, இம்புட்டு ஆகாது. மறந்துரு" என்றார். தலையாட்டினேன்.

மறக்கவில்லை. படிப்பு முடிந்து ஊரில் நான் கட்டிய முதல் வீட்டுக்கு மரம் தேவைப்பட்டபோது, நாகல் நகர் கடையைத் தாண்டி மதுரைக்குப் போய் வாங்கி வந்தேன். வண்டியை அவன் கடை வாசல் வழியாகத்தான் ஓட்டிவரச் சொன்னேன். அவன் வெளியே வந்து நின்று பார்த்தான்.