நூலக்காவின் நிறை குறை நோட்டு

யார் சட்டையில் நூல் தொங்கினாலும் நூலக்காவுக்குப் பொறுக்காது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கை நீண்டு அதைப் பிய்த்துவிடும். பெயர் வந்ததே அதனால்தான். சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தையல் சோதிக்கிற மேசையில் இருந்த கை, சும்மா இருக்குமா? தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அந்த வயதில் வீடியோ கேம் சோதிக்கும் வேலைக்குப் போனார். அவர் புருஷனே ஒரு வாரம் நம்பவில்லை.

வேலை கொடுத்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜன்னல். பெரியவன் கதையும் விதிகளும் எழுதுவான். படமும் சத்தமும் சின்னவன் பொறுப்பு. "கேம் விளையாடிப் பழக்கம் இருக்காக்கா?" என்று பெரியவன் கேட்டான்.

"இல்லப்பா. ஆனா உன் சட்டையில ரெண்டாவது பட்டனை வேற கலர் நூல்ல தச்சிருக்கு," என்றார் நூலக்கா.

சின்னவன் சிரித்த சிரிப்பிலேயே வேலை உறுதியாகிவிட்டது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது முப்பது வருடத்துக்கு முந்தைய பாணியில் ஒரு விண்வெளிக் கேம். படமெல்லாம் கட்டம் கட்டமான புள்ளிகள், எழுத்தெல்லாம் பச்சை, பாட்டு என்றால் வெறும் பீப் ஒலிகள். கைவிடப்பட்ட விண்கப்பலில் கண்விழிக்கிற மெக்கானிக் பெண்தான் ஆடுகிறவர். யாரிடம் என்ன பேசுகிறோமோ அதன்படி கதை திரும்பும். துணைக்கு ஒரு ரோபோ உண்டு, வாயைத் திறந்தால் பொய். கப்பலில் படுக்கை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் படுத்தால்தான் ஆட்டம் சேவ் ஆகும். அதற்குள் செத்தால் பட்ட பாடெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து.

நூலக்கா ஒரு நோட்டை எடுத்து நடுவே கோடு கிழித்தார். இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை. "ரோபோ இவ்வளவு பொய் சொல்லியும் அதன்மேல் கோபம் வரவில்லை" என்பது நிறை. "முதலில் சொன்ன ஒரு வார்த்தையை ஐந்து மணி நேரம் கழித்து ஒருவன் ஞாபகம் வைத்துக் கேட்கிறான், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது" என்பதும் நிறைதான். வலப்பக்கம் நீளம் அதிகம். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. நடை ஆமை. எல்லாச் சண்டையும் ஒரே சண்டை. மெக்கானிக் பெண் மூச்சுவிடச் சுமக்கிற காற்றுக்குடுவை தீரவே மாட்டேன் என்கிறது, பயமே இல்லை.

அந்தக் கடைசிக் குறையைப் படித்துவிட்டுப் பெரியவன் துள்ளினான். "அக்கா, இதான்! இதைத்தான் நான் ரெண்டு வருஷமா யோசிச்சேன்!" அன்றே காற்றைப் பாதியாகக் குறைத்தான். எழுத்தும் நடையும் மட்டும் பழைய பாணி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான். ஆடிப் பார்த்தால் நெஞ்சு படபடத்தது. நூலக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் கண்ணுக்குத் தப்பினது எதுவும் கிடையாது என்று வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

இப்படி எட்டு மாதம் போயிற்று. வருகிற சனிக்கிழமை ஒரு வெளியீட்டு நிறுவனத்து அம்மாள் கேமைப் பார்க்க வருவதாக இருந்தது. எந்தக் கேமையும் முதல் அரைமணி நேரம்தான் ஆடுவாராம், அதிலேயே சரி, இல்லை என்று சொல்லிவிடுவாராம். இல்லை என்றால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிடுவது என்று சகோதரர்கள் முடிவு செய்திருந்தார்கள். நூலக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தில் "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், அன்று அவளுக்கு விடுமுறை. "விளையாடுறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்கன்னா அதுல அப்படி என்னதான் இருக்கு? காட்டுங்க அண்ணி, நானும் பாக்குறேன்," என்றாள். நூலக்கா ஒரு தோரணையோடு லேப்டாப்பைத் திறந்து 'புதிய ஆட்டம்' என்பதை அமுக்கிக் கொடுத்தார்.

நாத்தனார் சுவரில் ஒட்டியிருந்த கடிதத்தை நிதானமாகப் படித்தாள். ரோபோவிடம் பேர் கேட்டாள். திரை கறுத்துவிட்டது.

"என்ன அண்ணி, செத்துட்டேன்?"

"அங்க இங்க நின்னிருப்ப. மறுபடி ஆடு."

மறுபடி செத்தாள். மூன்றாவது தடவை ஒரு கதவைத் திறந்துவிட்டுச் செத்தாள். ஏழாவது தடவை ரோபோவைத் திட்டிக்கொண்டே செத்தாள். பதினோராவது தடவை லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். "எங்க வண்டியில ஆக்சிஜன் குறைஞ்சா ஊரைக் கூட்டுற மாதிரி கத்தும். இது ஒரு வார்த்தை சொல்லாம ஆளை முடிச்சிடுதே! என்ன கப்பல் இது?"

நூலக்கா அதை வாங்கி விடுவிடுவென்று நேரே படுக்கைக்குப் போய்ப் படுத்துக் காட்டினார். "பாரு, நேரா போனா முடிஞ்சது."

"வழி தெரிஞ்ச உங்களுக்கு முடிஞ்சது. நான் இன்னைக்குத்தானே வந்திருக்கேன்?"

நூலக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தான் கடைசியாக ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கியது எப்போது? யோசித்துப் பார்த்தார். காற்றைக் குறைப்பதற்கு முன்னால்! சோதிக்க வேண்டியதெல்லாம் பின்பகுதியில் இருந்ததால் மூவருமே தினமும் மூன்றாம் அத்தியாயத்து சேவிலிருந்துதான் தொடங்கினார்கள். அங்கே ஆடுகிறவரிடம் பெரிய குடுவை இருக்கும். முதல் அறையில் இருப்பதோ கையளவுக் குடுவை. நின்று நாலு வரி படித்தாலே உயிர் போய்விடும். படிக்கவும் பேசவும்தானே இந்தக் கேமையே செய்தார்கள்! காற்றைக் குறைக்கச் சொன்னதும் தன் நோட்டுதான். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அந்த அம்மாள் ஒருவேளை நேரே ஓடிவிடலாம். இப்படியும் ஒரு நினைப்பு வந்தது, மறைப்பானேன். பிய்ந்த தையலைத் தெரிந்தே தாண்டவிட்ட நாள் ஒன்றுகூடத் தன் வாழ்க்கையில் இல்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அறைக்குப் போய், நின்ற நிலையிலேயே சொன்னார். பெரியவனுக்குச் சுருக்கென்றது. "நேத்து எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டீங்களேக்கா! நாளைக்கு அவங்க வர்றாங்க!"

"போட்டது என் தப்புதான். திட்டுறதுன்னா அப்புறம் உக்காந்து நல்லா திட்டு. இப்ப முதல்லருந்து ஒரு தடவை ஆடு. சேவ் எதையும் தொடாத. நீ எழுதின கடிதத்தை முழுசா படி."

பெரியவன் வீம்பாக உட்கார்ந்தான். தான் எழுதிய கடிதத்தின் ஆறாவது வரியில் செத்தான். இன்னொரு தடவை தான் உருவாக்கிய ரோபோவின் பொய்யைக் கேட்டுக்கொண்டே செத்தான். மூன்றாவது சாவில் சின்னவன் மேசையில் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்த பெரியவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. இங்க மூணு யானை ஒண்ணா சறுக்கியிருக்கோம்," என்றான்.

அன்று முழுக்க மூவரும் எழுந்திருக்கவில்லை. முதல் அறையில் மட்டும் காற்று மெதுவாகத் தீரும்படி மாற்றினார்கள். படுக்கையை இரண்டு கதவு முன்னால் இழுத்துப் போட்டார்கள். காற்று குறைந்தால் கத்துவதற்குச் சின்னவன் ஒரு பீப் செய்தான். நூலக்கா அதை நாத்தனாருக்குப் போனில் கேட்கவைத்தார். "இன்னும் கர்ணகொடூரமா இருக்கணும் அண்ணி," என்றாள் அவள். அப்படியே செய்தார்கள். சாயங்காலத்துக்குள் நூலக்கா முதலிலிருந்து இருபத்துமூன்று தடவை ஆடிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் கடிதத்தை முழுவதும் படித்து.

சனிக்கிழமை வந்த அம்மாள் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து கடிதத்தைப் படித்தார். ரோபோவிடம் பேர் கேட்டார். அலாரம் கத்தியது. "ஐயையோ!" என்று நாற்காலி நுனிக்கு வந்தார். கதவைத் திறந்து, இன்னொரு கதவையும் திறந்து, படுக்கையில் போய் விழுந்தார். சேவ் ஆனது. நூலக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அரைமணி ஆயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. ஒன்றேகால் மணி கழித்துத் திரும்பி, "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. நடை ரொம்ப மெதுவா இருக்கு. ரெண்டையும் சரி பண்ணிடுங்க, நாங்க வெளியிடுறோம்," என்றார். "இந்த ரோபோ சொல்றதெல்லாம் நிஜமா?" என்றும் கேட்டார். சின்னவன் அவசரமாக ஜன்னலைத் திறக்கப் போனான். கிளம்பும்போது அவர் சால்வை ஓரத்தில் தொங்கிய ஒரு நூலை நூலக்கா சத்தமில்லாமல் பிய்த்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்துக் கேம் வெளிவந்தது. நாத்தனார் இரண்டு வாரம் விடாமல் ஆடி, கடைசிவரை போய்விட்டாள். முடிவில் உழைத்தவர்களின் பட்டியல் பச்சை எழுத்தில், இந்தத் தடவை பெரிதாகவே, மேலே ஏறியது. கதை, பெரியவன். படமும் ஒலியும், சின்னவன். குறை கண்டவர், நூலக்கா. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "இவர்களுக்காகப் பதினொரு முறை செத்தவர், நூலக்காவின் நாத்தனார்."

அவள் உடனே போன் செய்தாள். "அண்ணி, எத்தனையோ பேரை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்த்திருக்கேன், ஒரு இடத்துலயும் என்னைப் பத்தி எழுதினதில்ல. செத்ததுக்கு எழுதியிருக்கீங்களே!" என்று சிரித்தாள். "அடுத்த கேம் எப்ப அண்ணி? நான் சாகறதுக்கு ரெடி."