காலை உயரம்

இலிசோனி கண்டாவுத் தீவிலிருந்து தலைநகர் சூவாவுக்கு வந்து ஏழு வருடமாகியிருந்தது. மரக்கடையில் பலகை இறக்கும் வேலை. கடைக்குப் பின்னால் ஒரு தகர அறை. அதில் அவன் மட்டும். அம்மா போன பிறகு ஊரில் அவனை எதிர்பார்க்க யாரும் இல்லை. காவல்படையில் சேர்ந்துவிட்டால் முப்பது பேரோடு உண்டு, முப்பது பேரோடு உறங்கலாம் என்பதே அவன் ஆசை. அதற்கு நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இரண்டு தடவை அளந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி ஒரு தடவைதான். அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும்.

ஒரு வருடமாக மாமரக் கிளையில் தொங்கினான். கடலில் நீந்தினான். பாலும் மீனும் கீரையுமாகத் தின்றான்.

"மச்சான், நீ தொங்கித் தொங்கிக் கிளைதான் தரையைத் தொடுது," என்றான் கடை லாரி ஓட்டும் சிரேலி. "பேசாம வௌவால் படையில சேந்துடு. அங்க உயரம் பாக்கமாட்டாங்க."

சுகாதார நிலைய நர்ஸ் மெரெசெய்னி சிரிக்கவில்லை.

"சாப்பாடும் விளையாட்டும் வளர்ற வயசுல உதவும் தம்பி. அப்பவும் பெத்தவங்க உயரத்தை ஒட்டித்தான் வரும். உனக்கு இனிமே எலும்பு நீளாது. ஆனா படுத்து எந்திரிச்சதும் எல்லாருமே ஒரு சென்டிமீட்டர் கூட இருப்போம். நடந்து, சுமந்து, சாயங்காலத்துக்குள்ள முதுகு அமுங்கிடும்."

அளந்து காட்டினாள். எழுந்ததும் 172.4. வேலை முடிந்து வந்தால் 171.3.

அளவெடுப்பு மதியம் இரண்டு மணிக்கு. அதுவரை பாயை விட்டு எழுவதில்லை என்று முடிவு செய்தான். சிரேலி லாரியின் பின்புறம் படுக்கவைத்தே கொண்டுபோய் இறக்குவதாகச் சொல்லியிருந்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. படுத்தபடியே காலால் தள்ளித் திறந்தான். கறுப்பு உடையில் ஒரு பெண், வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் இறந்துபோன மதியுவின் மனைவி வசிதி. அவன் ஊர்தான், தேவாலயத்தில் இரண்டொரு முறை பார்த்திருக்கிறான்.

"படுத்திருக்கியே, உடம்பு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல சின்னம்மா."

"கடல் கொந்தளிப்பா இருக்கு, ஊர்லேருந்து படகு வரல. பெட்டி தூக்க கோயில்காரங்க அஞ்சு பேர் இருக்காங்க. ஆனா நம்ம ஊர்த் தோள் ஒண்ணுகூட இல்லாம அவரை எப்பிடி அனுப்புறது? நீ இருக்கேன்னு சொன்னாங்க."

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு வருடத்தில் அந்தக் கதவுக்கு வந்து, நம்ம ஊர் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. எழுந்து பாயைச் சுருட்டினான்.

இடுகாடு குன்றின் மேல் இருந்தது. முந்தின நாள் மழையில் பாதை சேறு. ஆறு பேரில் அவன்தான் உயரம் என்று பள்ளத்துப் பக்கம், பின்கோடியில் நிறுத்தினார்கள். மேடேறும்போது பாரமெல்லாம் அவன் தோளுக்கே வந்தது. நடுவில் இரண்டு இடத்தில் நின்றார்கள். யாரும் ஆள் மாற்றவில்லை.

இரண்டு மணிக்கு, காவல்படை முகாமில் அளவுகோலை ஒட்டி முடிந்த மட்டும் நிமிர்ந்து நின்றான்.

"171.6," என்றார் அதிகாரி.

"இன்னொரு தடவை பாருங்கய்யா."

பார்த்தார். "அதேதான். போயிட்டு வா தம்பி. அடுத்த ஆளை விடு."

வெளியே லாரியில் சிரேலி காத்திருந்தான். முகத்தைப் பார்த்தான். முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

சாயங்காலம் துக்க வீட்டுக்குத் திரும்பி வந்தவனிடம், எங்கே போயிருந்தான் என்று வசிதி கேட்டபோது, "சின்ன வேலை சின்னம்மா," என்றான். அவள் எடுத்துவைத்திருந்த சேப்பங்கிழங்கையும் கறியையும், எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பந்தலில் உட்கார்ந்து தின்றான்.

அதன்பின் இருபத்தாறு வருடம் அதே தகர அறையில் இருந்தான். கண்டாவுக்காரர் யாராவது சூவாவில் இறந்தால் அவனுக்கு ஆள் அனுப்புவார்கள். மேட்டுப் பாதைக்கு நல்ல உயரமான ஆள் என்று பெயர். கல்யாணத்துக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றியதில்லை. அவனும் ஒவ்வொரு தடவையும் போனான், பள்ளத்துப் பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டு.